தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்த கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றதும் அலங்கரித்த மரம், அதனடியில் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும் சிறு குழந்தைகள், அவர்களைப் பார்த்து மகிழும் பெற்றோர் என ஒரு குடும்பக் காட்சியே இன்று பலர் மனத்தில் எழுகிறது. ஆனால் ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டு வரலாறுடைய இந்தத் திருநாளில் அக்காட்சிக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல்தான். ரோம் நகரில் டிசம்பர் 25ஆம் நாள் இயேசுவின் பிறந்தநாளாகக் கொள்ளப்பட்டதைக் காட்டும் மிகப் பழைய குறிப்பு கி.பி. 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் பெரும்பகுதியும் அது கோயிலுக்குள் திருப்பலியாகவும் வெளியே பெரியவர்களின் விருந்தும் குடியும் கூத்துமாகவும் நடந்ததே தவிர, வீட்டுக் குழந்தையை நடுவில் வைத்துக் கொண்டாடும் நாளாக இருக்கவில்லை. 1800க்கும் 1870க்கும் இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றின் நடுத்தரக் குடும்பங்களே அதைக் குழந்தைகளின் நாளாக மாற்றின. அம்மாற்றம் நிகழ்ந்த விதத்தோடு, ஒரு வீட்டுக் குழந்தையின் மகிழ்ச்சிக்காக வேறொரு வீட்டுக் குழந்தை எவ்வாறு உழைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

வட ஐரோப்பிய உழவர்களின் ஆண்டில் டிசம்பர் ஓய்வு மாதம். அறுவடை முடிந்து தானியம் களஞ்சியம் சேர்ந்திருக்கும்; பனிக்காலம் முழுதும் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடியாத கால்நடைகளை அறுப்பதால் புதிய இறைச்சி கிடைக்கும்; அவ்வாண்டுத் தானியத்தில் வடித்த பீரும் அப்போதுதான் பதமாகியிருக்கும். வயலில் வேலையில்லாத அந்த வாரங்களில் ஏழைகள் கூட்டமாகச் செல்வர் வீட்டு வாசலுக்குச் சென்று பாடி, நல்ல உணவும் மதுவும் உரிமையோடு கேட்டு வாங்குவது இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். 'வாசெயில்' எனப்பட்ட இவ்வழக்கத்தில் கேட்டது கிடைத்தால் வாழ்த்தும், கிடைக்காவிட்டால் மிரட்டலும் உண்டு. ஆண்டு முழுதும் குனிந்து நின்றவர் அச்சில நாட்களில் நிமிர்ந்து நின்று கேட்கலாம் என்பதே அதன் உட்பொருள். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் டிசம்பர் இரவுகளில் இளைஞரும் சிறுவரும் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ஒருவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாடும் 'கேரல் ரவுண்ட்ஸ்' அந்தப் பழைய வழக்கத்துக்குத் தூரத்து உறவு, எனினும் அதில் பழையதன் முரட்டுத்தனம் சிறிதும் இல்லை.

அக்காலக் கொண்டாட்டத்தில் குழந்தைக்கு ஓர் இடம் இருந்தது, ஆயினும் அது மகனுக்கோ மகளுக்கோ உரிய இடமாக இல்லை. இங்கிலாந்தின் பேராலயங்கள் பலவற்றில் பாடகர் குழுச் சிறுவர்களில் ஒருவனைப் புனித நிக்கோலாஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று ஆயராகத் தேர்ந்தெடுத்து, ஆயரின் அங்கியும் தலையணியும் செங்கோலும் அளித்து, டிசம்பர் 28 வரை அப்பதவியில் வைத்திருப்பர்; இவனே 'சிறுவன் ஆயர்'. உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் சில நாட்கள் இடம் மாறி நிற்பது அக்காலத் திருநாட்களின் இயல்பு, இச்சிறுவனும் அத்தகைய தலைகீழ் மாற்றத்தின் ஓர் அடையாளமே. எட்டாம் ஹென்றி மன்னர் 1541இல் இதைத் தடைசெய்தார். அவனது பதவி முடியும் டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள், அதாவது பெத்லகேமில் ஏரோது மன்னன் கொல்வித்த குழந்தைகளை நினைவுகூரும் நாள். அந்தக் கொலை மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அன்று காலையில் வீட்டுக் குழந்தைகளைப் பிரம்பால் அடித்து எழுப்பும் வழக்கம்கூட இங்கிலாந்தில் சில இடங்களில் இருந்ததைப் பதினேழாம் நூற்றாண்டு எழுத்துகள் பதிவுசெய்துள்ளன. குழந்தையை மகிழ்விக்கும் காலம் என்ற எண்ணம் அப்போது எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

குடியும் சூதும் நிறைந்த இந்தக் கொண்டாட்டத்தை வெறுத்தவர்களில் முதன்மையானோர் பியூரிட்டன்கள் எனப்பட்ட கடுமையான சீர்திருத்தச் சபையினர். விவிலியத்தில் நாளே குறிப்பிடப்படாத ஒரு விழாவைக் கடவுள் பெயரால் கொண்டாடுவது தவறு என்று வாதிட்ட அவர்களின் செல்வாக்கால் இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸைத் திருநாள் பட்டியலிலிருந்தே நீக்கியது. 1660இல் முடியாட்சி மீண்டபோதுதான் அதுவும் மீண்டது. அட்லாண்டிக்குக்கு அப்பால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அந்நாளைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் என்ற சட்டம் 1659 முதல் 1681 வரை நடப்பில் இருந்தது. ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான் என்பதிலிருந்து அந்த எதிர்ப்பின் வேர் எவ்வளவு ஆழமானது என்று அறியலாம்.

கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நுழைந்த வாசல் ஜெர்மனியில் இருக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ் தம் திருநாளின் முந்திய இரவில் குழந்தைகளுக்குப் பரிசு வைத்துச் செல்வதாக நம்பும் வழக்கம் ரைன் ஆற்றுப் பகுதிகளிலும் நெதர்லாந்திலும் வேரூன்றியிருந்தது. புனிதர் வணக்கத்தை ஏற்காத சீர்திருத்தச் சபையினர் பரிசளிக்கும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக் குழந்தை இயேசுவிடம் ஒப்படைத்து, நாளையும் டிசம்பர் 24க்கு மாற்றினர். ஸ்ட்ராஸ்பூர்க் நகரைப் பற்றிய 1605ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, அங்குள்ளோர் ஊசியிலை மரங்களைத் தம் வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் மெல்லிய அப்பங்களும் சர்க்கரைப் பண்டங்களும் தொங்கவிட்டதாகக் கூறுகிறது. மரமும் பரிசும் ஒரே இரவில் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

அந்த அறை எப்படி இயங்கியது என்பதற்கு எர்ன்ஸ்ட் தியோடர் அமடேயுஸ் ஹோஃப்மன் 1816இல் வெளியிட்ட 'பாக்குவெட்டியும் எலி அரசனும்' என்ற கதையின் தொடக்கமே நல்ல ஆவணம். மருத்துவ அதிகாரி ஒருவரின் பிள்ளைகளான ஃபிரிட்ஸும், அப்போதுதான் ஏழு வயது நிரம்பிய மரியும், பரிசு வைத்துள்ள அறைக்குள் அன்று பகல் முழுதும் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்டு, இருட்டிய பின்னும் விளக்கு ஏற்றாத பின்னறையில் ஒடுங்கி உட்கார்ந்து, பூட்டிய கதவுக்கு அப்பால் கேட்கும் சலசலப்புக்கும் தட்டும் ஓசைக்கும் காது கொடுக்கின்றனர். மணி ஒலித்ததும் கதவு திறக்க, ஒளி வெள்ளத்தில் மரம் தெரிகிறது. கதை கற்பனையாயினும் இந்த ஒழுங்கு உண்மையானது. பெற்றோர் மறைவாக மரத்தை அலங்கரிப்பது, மெழுகுவத்திகளை ஏற்றுவது, மணியடித்துப் பிள்ளைகளை உள்ளே அழைப்பது, பிள்ளைகள் பாடிய பிறகோ செய்யுள் ஒப்பித்த பிறகோ பரிசைத் தருவது என ஜெர்மானிய நடுத்தர வீடுகளில் அது ஒரு சடங்காகவே வளர்ந்தது. இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1806இல் கிறிஸ்துமஸின் பொருளை ஆராய்ந்து எழுதிய உரையாடல் நூலுக்குக் கோயிலைக் களமாகக் கொள்ளாமல், கிறிஸ்துமஸ் மாலையில் நண்பரும் குழந்தைகளும் கூடிய வீட்டுக் கூடத்தையே களமாகத் தேர்ந்ததும் இக்காலத்தின் மனப்போக்கைக் காட்டுகிறது.

இந்த மனப்போக்குக்குக் காரணங்கள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். குழந்தை, பிறவிப் பாவத்தோடு வந்து அடித்துத் திருத்தப்பட வேண்டிய உயிர் என்ற பழைய எண்ணத்தை 1693இல் வெளிவந்த ஜான் லாக்கின் கல்வி நூலும் 1762இல் வெளிவந்த ரூசோவின் 'எமில்' நூலும் அசைத்தன. இளமைப் பருவம் தன்னளவிலேயே போற்றத்தக்கது என்ற கருத்து படித்த குடும்பங்களில் பரவியது. அதே காலத்தில் கடையும் பட்டறையும் அலுவலகமும் வீட்டைவிட்டு வெளியே சென்றதால், தந்தை காலையில் போய் மாலையில் திரும்பும் குடும்பங்கள் பெருகின. அவ்வீடுகளில் வாழ்ந்த வேலைக்காரரும் பழகுநரும் குறைந்து, பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே கொண்ட வட்டம் தனித்துத் தெரிந்தது. முன்பு பண்ணையாளுக்கும் வாசலில் நின்று பாடிய ஏழைக்கும் கொடுத்த இடத்தில் இப்போது சொந்தக் குழந்தை வந்து நின்றது. கேட்டு மிரட்டாத, கொடுத்ததைக் கண்டு வியக்கிற, நன்றியோடு அணைத்துக்கொள்கிற பெறுநர் அது. செல்வருக்கு இந்த மாற்றம் எளிதாக இருந்ததில் வியப்பில்லை.

வீடற்ற குழந்தைகளை நினைத்தோரும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது. ஹாம்பர்க் நகரின் புறத்தே யோஹன் ஹின்ரிஷ் விஷெர்ன் என்னும் சபைப் பணியாளர் 1833இல் தொடங்கிய 'ரௌஹெஸ் ஹவுஸ்' இல்லத்தில், கைவிடப்பட்ட சிறுவர் சிறுமியர் சிறு சிறு குழுக்களாக, குடும்பம் போலவே தனித்தனி வீடுகளில் வளர்க்கப்பட்டனர். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட அவர்களுக்காக அவர் 1839இல் ஒரு மர வண்டிச் சக்கரத்தைக் கிடையாகத் தொங்கவிட்டு, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்திகள் நான்கும் வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்தில் இன்று உலகெங்கும் வைக்கப்படும் நான்கு மெழுகுவத்தி வளையம் இந்தச் சக்கரத்தின் வழிவந்தது. செல்வர் வீட்டிலிருந்து ஏழைக்கு இறங்கிய வழக்கங்கள் பல. அனாதை இல்லத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் ஏறிய வழக்கம் இது ஒன்றே என்று சொல்லத் தோன்றுகிறது, அதனாலேயே இது தனி மதிப்புக்கு உரியது.

இங்கிலாந்துக்கு மரத்தைக் கொண்டுவந்தோர் ஜெர்மானிய உறவுகளே. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவியும் மெக்லன்பூர்க்கில் பிறந்தவருமான சார்லட் அரசி 1800இல் வின்ட்சரில் ஒரு யூ மரத்தை அலங்கரித்து, அவ்வூர்க் குழந்தைகளுக்கு விருந்தளித்தார். அரண்மனை வட்டத்துக்குள் இருந்த அவ்வழக்கத்தைப் பொதுமக்களிடம் சேர்த்தது 1848ஆம் ஆண்டு 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் வெளிவந்த ஒரு படம்: மேசை மேல் மெழுகுவத்தி ஒளிரும் மரம், அதைச் சுற்றி விக்டோரியா அரசி, கணவர் ஆல்பர்ட், பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கப் பெண்கள் இதழ் ஒன்று அதே படத்தை மறுபதிப்புச் செய்தபோது, அரசியின் மணிமுடியையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கிவிட்டது. அரச குடும்பம் எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு குடும்பமாயிற்று.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1843ஆம் ஆண்டின் இறுதியில், லண்டனில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு பொருட்கள் தோன்றின. ஒன்று, ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் படி அச்சிட்டு, ஒரு ஷில்லிங் விலையில் விற்ற முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அதன் நடுப்படத்தில் மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று மேசையின் பின் அமர்ந்து பார்ப்பவரை நோக்கி மதுக்கிண்ணம் உயர்த்துகிறது. இரு பக்கச் சிறு சட்டங்களில் பசித்தவருக்கு உணவும் ஆடையற்றவருக்கு ஆடையும் அளிக்கும் காட்சிகள் உள்ளன. நடுவிலுள்ள பெண் ஒருத்தி சிறு குழந்தையின் வாயருகே மதுக்கிண்ணத்தைப் பிடித்திருப்பது மதுவிலக்கு இயக்கத்தாருக்குச் சினமூட்டியது. விருந்து உண்ணும் குடும்பம் நடுவிலும் உதவி பெறும் ஏழை ஓரத்திலுமாக அமைந்த அந்த அட்டையே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்துமஸின் வரைபடம் எனலாம்.

மற்றொன்று, டிசம்பர் 19 அன்று வெளிவந்து, முதல் பதிப்பின் ஆறாயிரம் படிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் குழந்தைகள் படும் பாட்டை விசாரித்த அரசுக் குழுவின் அறிக்கையை அவ்வாண்டின் தொடக்கத்தில் படித்து அதிர்ந்த டிக்கன்ஸ், முதலில் ஏழைக் குழந்தைக்காக ஒரு துண்டு நூல் எழுதவே எண்ணினார். பிறகு கதையாக எழுதுவதே வலுவானது என்று முடிவு செய்தார். தந்தை கடனுக்காகச் சிறையிலிருந்தபோது பன்னிரண்டு வயதில் ஷூ மெருகுத் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியவர் அவர். கதையில் வரும் கிராட்சிட் குடும்பத்துக்கு அடுப்பறையில் வாத்து வாட்டும் வசதி இல்லாததால் அது ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வெந்து வீடு வருகிறது; லண்டன் ஏழைகள் பலரின் கிறிஸ்துமஸ் உணவு உண்மையிலேயே அவ்வாறுதான் சமைக்கப்பட்டது. கதையின் நடுவே அதில் தோன்றும் ஓர் ஆவியின் அங்கிக்கு அடியிலிருந்து அறியாமை, வறுமை என்னும் பெயர்கொண்ட இரண்டு மெலிந்த குழந்தைகள் வெளிப்படுகின்றனர்; நூலின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது, பின்னாளைய கொண்டாட்டங்கள் வசதியாக மறந்ததும் அந்தப் பக்கத்தைத்தான்.

விடுமுறை என்பதே உழைக்கும் குழந்தைகளுக்குச் சட்டத்தால் கிடைத்த ஒன்று. நெசவாலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ளோர் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்றும் விதித்த 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சிறாருக்குக் கிறிஸ்துமஸையும் புனித வெள்ளியையும் முழு விடுமுறையாக்கியது; டிசம்பர் 26 விடுமுறையானது 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டத்தால். அந்த 26ஆம் நாள் தொடங்கும் 'பாண்டமைம்' எனப்படும் ஆடல்பாடல் நாடகத்துக்குப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நகரக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. மேடையில் தேவதைகளாக ஆடிய சிறுமியரோ பெரும்பாலும் கூலிக்காக வந்த ஏழைக் குழந்தைகள். ஏழு வயதுக்கு உட்பட்டோர் மேடையேறத் தடையும், ஏழு முதல் பத்து வயது வரையுள்ளோருக்கு நீதிபதியின் உரிமமும் 1889ஆம் ஆண்டுக் குழந்தை வதைத் தடுப்புச் சட்டத்தால் வந்தன.

அமெரிக்காவில் இம்மாற்றத்துக்கு ஒரு கவிதை போதுமானதாயிற்று. நியூயார்க் மாநிலத்து டிராய் நகரச் செய்தித்தாள் ஒன்றில் 1823 டிசம்பர் 23 அன்று பெயரின்றி வெளிவந்து, பின்னர் கிளெமென்ட் கிளார்க் மூர் தமதென்று ஏற்றுக்கொண்ட 'புனித நிக்கோலாஸின் வருகை' என்ற அக்கவிதையே, எட்டுக் கலைமான்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் வந்து புகைபோக்கி வழியாக இறங்கிக் காலுறைகளில் பரிசு நிரப்பிச் செல்லும் தாத்தாவின் உருவை நிலைநாட்டியது. அக்காலத்து நியூயார்க்கில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் தெருவெங்கும் குடிகாரர் கூட்டமும் கொட்டு முழக்கமுமாக இருந்ததை நினைவில் கொண்டால், இரவில் வீட்டுக்குள் நுழைந்தும் எதையும் கேட்காமல் கொடுத்துவிட்டு மட்டும் போகிற அந்த விருந்தாளி வீட்டுக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போனார் என்பது விளங்கும்.

இனி அந்தப் பொட்டலங்களுக்குள் இருந்த பொருட்களின் வரலாறு. சாக்சனியின் மலைப்பகுதியில் உள்ள ஸைஃபன் ஊரில் வெள்ளீயச் சுரங்கம் நலிந்து 1849இல் மூடப்பட, அதற்கு முன்பே மரவேலைக்கு மாறத் தொடங்கியிருந்த மக்கள் முழுதும் அதையே நம்பினர். ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரத்தின் குறுக்குவெட்டு வட்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உள்ளும் புறமும் பள்ளமும் மேடுமாகக் கடைந்து ஒரு வளையமாக்குவர். அவ்வளையத்தைக் கேக் துண்டு போடுவது போல் செங்குத்தாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் பசுவோ யானையோ முழு உருவில் தெரியும். கடையும்போது விலங்கு கண்ணுக்குத் தெரியாது, கைப்பழக்கமே வழிகாட்டி. ஒரே வளையத்தில் கிடைக்கும் பல பத்து உருக்களைச் செதுக்கி, காதும் வாலும் ஒட்டி, வண்ணம் தீட்டுவது பெண்களும் குழந்தைகளும் வீட்டில் செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு விளையாட்டுப் பொருளைத் தொட அனுமதிக்காத இங்கிலாந்தின் பக்தியுள்ள வீடுகளில்கூட அனுமதிக்கப்பட்ட நோவாவின் பேழையும் அதன் விலங்குகளும் இவ்வாறு பிறந்தவையே.

துரிங்கியாவின் லௌஷா ஊரில் 1867இல் எரிவாயு வந்தபின், சீரான சூட்டில் மெல்லிய கண்ணாடி உருண்டைகளை ஊதுவது எளிதாயிற்று. தந்தை மேசை விளக்கின் முன் அமர்ந்து ஊத, தாய் உருண்டைக்குள் வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்கி உட்புறம் பளபளக்கச் செய்ய, பிள்ளைகள் அதை வண்ணத்தில் தோய்த்து, காய்வதற்கு ஆணிப் பலகையில் மாட்டி, காம்பை வெட்டித் தொப்பி பொருத்தி அட்டைப் பெட்டியில் அடுக்கினர். பெண்கள் அதை முதுகுக் கூடையில் சுமந்து சோனெபெர்க் நகர வணிகரிடம் சேர்த்தனர். மூலப்பொருளுக்கு முன்பணம் தந்து விலையையும் தாமே நிர்ணயித்த அந்த வணிகர்களிடம் பேரம் பேசும் நிலையில் எக்குடும்பமும் இல்லை. அமெரிக்க வணிகர் ஃபிராங்க் வுல்வொர்த் 1880இல் தயக்கத்தோடு சிறிதளவு வாங்கி விற்ற இவ்வுருண்டைகள் விரைவிலேயே கப்பல் கணக்கில் போயின. கப்பலுக்கு முந்திய மாதங்களில் இரவெல்லாம் வேலை. பள்ளியில் பிள்ளைகள் தூங்கி வழிந்தனர். தீபாவளிப் பட்டாசுக்குச் சிவகாசிக் குழந்தைகளின் விரல்கள் தேவைப்பட்ட காலத்தையும், அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மானியப் பேரரசின் குழந்தை உழைப்புச் சட்டம் 1903 மார்ச் 30 அன்று நிறைவேறி, 1904 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. பிறர் குழந்தைகளைப் பட்டறையில் வேலைக்கு வைக்கப் பன்னிரண்டு வயது எல்லையாயிற்று. வீட்டுத் தொழிலில் சொந்தக் குழந்தைகளுக்கு எல்லை பத்து வயது, அதற்கு மேற்பட்டோருக்கும் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை வேலை கூடாது. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் எந்த ஆய்வாளரும் எளிதில் நுழைய முடியாது என்பதால், தாய் தந்தையரின் மேசையருகே நடந்த உழைப்பே அச்சட்டத்துக்குக் கடைசிவரை பிடிபடாமல் நின்றது. ஆல்பர்ட்டின் மரத்துக்கும் டிக்கன்ஸின் கதைக்கும் அத்தியாயம் அத்தியாயமாக இடம் ஒதுக்கி, அந்த மரத்தில் தொங்கிய உருண்டைக்குத் தொப்பி மாட்டிய பத்து வயதுக் குழந்தையை அடிக்குறிப்பில் நிறுத்தும் கிறிஸ்துமஸ் வரலாறுகள் பாதி எழுதப்பட்ட வரலாறுகளே.